செவிலியின் மகள்

‘செவிலி’ என்ற சொல்லை எம்.ஏ. தமிழ் வகுப்பில் அகப்பாடல் மாந்தர் வரிசையில் படித்தேன். தலைவன், தலைவி, தோழி, பாங்கன், நற்றாய், செவிலி என்று வரிசையாக எழுதினால் மார்க் உண்டு. அந்த வரிசைக்குள் ஒரு சமூக வரலாறு கிடக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தொல்காப்பியம் செவிலிக்குத் தாய் என்ற பட்டத்தைக் கொடுக்கிறது. தலைவியின் மறைவான செய்திகளையெல்லாம் அறிந்து பேசுகிறவள் என்பதால் அவளையே தாய் என்று சொல்ல வேண்டும் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே களவியலில் இன்னொரு செய்தியும் வருகிறது. தோழி என்பவள் செவிலியின் மகள். தாய் பட்டம் வாங்கியவளின் மகள் தலைவி ஆகவில்லை. அம்மா வளர்த்துவிட்ட பெண்ணுக்கு மகள் துணை நிற்கிறாள். அவளுக்குக் காதல், இவளுக்குக் காவல். அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய நூற்பாவையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இலக்கணத்தில் முழுக் காதல்கூடக் கிடையாது.

நர்ஸ் என்பதற்கு அரசாணைகளிலும் பத்திரிகைகளிலும் இந்தச் சொல்தான் வழங்குகிறது. சொல்லோடு தாய்மை, தியாகம், சேவை என்ற மூட்டையும் சேர்ந்தே வந்துவிட்டது. கூலி பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை.

திண்டுக்கல் நாகல் நகரில் ரயில்பாதையை ஒட்டிய தெருக்களில் இருந்து எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் பெண்களில் மூன்று பேர் நர்ஸிங் முடித்திருக்கிறார்கள். மூன்று பேருமே அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி அல்லது டிப்ளமோக்காரர். ஒருத்தியை மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கூப்பிடுகிறது. ஒருத்தி எம்.ஆர்.பி. பரீட்சைக்குப் படிக்கிறாள். இன்னொருத்தி வீட்டில் வளைகுடாவுக்கு அனுப்பக் கடன் விசாரிக்கிறார்கள். “அக்கா, எதுல போனா நல்லதுக்கா?” என்று கேட்கிறார்கள். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. நம் சனத்துக்கு வேலை தேர்ந்தெடுப்பது என்ற செயலே ரொம்பப் புதுசு. நம் பாட்டிமார்களிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை. அவர்கள் பிறக்கும்போதே வேலையும் பிறந்திருந்தது. திறமையையோ விருப்பத்தையோ பார்க்காமல் பெற்றவர்களின் பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்குவதுதான் சாதி என்பதை அம்பேத்கர் 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் தெளிவாக எடுத்து வைத்தார்.

என் அப்பாயி பேறுகாலம் பார்த்தவள். தமிழ்நாட்டு ஊர்களில் மருத்துவச்சி என்றால் பெரும்பாலும் நாவிதர் சாதிப் பெண். ஆனால் சேரியில் நம் கிழவிகளேதான் எல்லாம். அவசரத்துக்கு ஊர்த்தெருவிலும் கூப்பிடுவார்கள். கொல்லைப் பக்கமாகப் போக வேண்டும். பிள்ளை வெளியே வருகிறவரைக்கும் அந்தக் கை வேணும். வந்த பிறகு அந்தக் கை பட்ட இடத்திலெல்லாம் தண்ணி தெளிக்கணும். நஞ்சுக்கொடியை எடுத்துப் புதைக்கிறதும் ரத்தத்துணி அலசுறதும் அவள் வேலை. கூலி என்று பேசியதில்லை. கொடுத்த நெல்லும் பழைய சேலையும்தான். தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். டி. செல்வராஜ் 2010-ல் எழுதி 2012-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘தோல்’ நாவல் பேசுவது இந்தத் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைத்தான். தாத்தா செத்த மாட்டின் தோலைத் தொட்டார். அப்பாயி பிறக்கிற மனுசப் பிள்ளையைத் தொட்டாள். சாவும் பிறப்பும் ஊருக்குத் தீட்டு. தீட்டைத் தொடுகிற கை நம்முடையது என்று முன்னமே எழுதி வைத்தாகிவிட்டது.

நர்ஸிங்கின் வரலாற்றை இந்தக் கையிலிருந்து தொடங்க வேண்டும். பாடப்புத்தகம் அப்படித் தொடங்குவதில்லை. அது நைட்டிங்கேலின் விளக்கில் தொடங்கும். 1860-ல் லண்டனில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி, 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பயிற்சி என்று போகும். அந்த முதல் வகுப்புகளில் இருந்தவர்கள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். பிறகு இந்தியக் கிறித்துவப் பெண்கள் வந்தார்கள். சாதி இந்துக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் பெண்களை அனுப்பவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதா, கண்ட சாதியின் மலசலத்தை எடுப்பதா என்பதுதான் காரணம். மிஷன் பள்ளி விடுதிகளில் படித்த நம் பெண்கள் சிலருக்கு அந்தக் கதவு திறந்தது இப்படித்தான். ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய இடம் நமக்குக் கிடைத்தது. இதில் மிஷனுக்கு நன்றி சொல்லலாம். கூடவே, ஒரு வேலை மதிப்பில்லாமல் கிடந்த காலத்தில்தான் அது நமக்கு விடப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐடா ஸ்கடரின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து தங்கள் மனைவிமாரின் பிரசவத்துக்கு உதவி கேட்கிறார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் சாதி இந்து. டாக்டரான தன் அப்பாவைக் கூட்டிப் போகச் சொல்கிறார் ஐடா. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போகிறார்கள். மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். அந்த இரவுதான் ஐடாவை டாக்டராக்கியது. வேலூரில் 1902-ல் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1946-ல் நர்ஸிங் பட்டப்படிப்பு என்று வளர்ந்தது. பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மூன்று வீடுகளிலும் பேறு பார்க்க ஒரு பெண் உள்ளே இருந்திருக்க வேண்டும். அவள் யார், என்ன சாதி, விடிகிறவரைக்கும் என்ன பாடுபட்டாள்? கதையில் அவளுக்குப் பெயரில்லை. 1885-ல் தொடங்கிய டஃபரின் சீமாட்டி நிதி, 1903-ல் கர்சன் சீமாட்டி முயற்சியில் வந்த விக்டோரியா நினைவு நிதி ஆகியவற்றின் காலத்தில் அவள் எழுத்தில் வந்தாள். அழுக்கானவள், அறியாதவள், பிள்ளைச் சாவுக்குக் காரணமானவள் என்று வந்தாள். சுத்தம் தெரியாததால் வந்த சாவுகள் உண்மைதான். சேரிக்குக் கிணறு கொடுக்காத ஊர் அந்தச் சாவுக்குப் பொறுப்பேற்றதாக எந்த அறிக்கையும் இல்லை.

நமக்கு வேறு முன்னோர்கள் இருக்கிறார்கள். 1897-ல் புனே பகுதியில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் பூலே தன் வளர்ப்பு மகன் யஷ்வந்த்துடன் சேர்ந்து ஹடப்சர் பக்கம் நோயாளிகளைப் பார்த்தார். நோய் கண்ட ஒரு மகார் சிறுவனைத் தூக்கிக்கொண்டு வந்ததில் அவருக்கும் தொற்றியது. மார்ச் 10-ம் தேதி இறந்தார். சேரிப் பிள்ளையைத் தோளில் தூக்கிய கை அது. நர்ஸிங் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் படத்துக்குப் பக்கத்தில் இவர் படமும் இருக்க வேண்டாமா?

கடல் கடந்தும் பார்க்கலாம். கிரிமியப் போருக்குப் போக விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட மேரி சீகோல் ஜமைக்காவில் பிறந்த கலப்பினப் பெண். சொந்தச் செலவில் போய்ச் சிப்பாய்களைக் கவனித்தார். அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி முடித்த முதல் கறுப்பின நர்ஸ் மேரி எலிசா மஹோனி, ஆண்டு 1879. அதே பாஸ்டன் ஆஸ்பத்திரியில் அதற்கு முன் பல ஆண்டுகள் சமைத்தும் துவைத்தும் பெருக்கியும் வேலை செய்தவர். வெள்ளையர் சங்கங்களில் இடம் மறுக்கப்பட்டதால் கறுப்பின நர்ஸுகள் 1908-ல் தங்களுக்கென்று தேசிய சங்கம் கட்டினார்கள். அமெரிக்க நர்ஸுகள் சங்கம் தங்களைச் சேர்த்துக்கொள்ள வைத்த பிறகுதான் 1951-ல் அதைக் கலைத்தார்கள். இந்தியாவில் பயிற்சி பெற்ற நர்ஸுகளின் சங்கம் தோன்றியதும் அதே 1908-ல்தான். இங்கே சாதியைப் பெயர் சொல்லிப் பேசும் நர்ஸுகள் சங்கம் ஒன்று அப்போது பிறக்கவில்லை. தீண்டாமை இல்லாததாலா? அதைச் சொல்லும் அளவுக்கு நம் பெண்கள் உள்ளே போய்ச் சேரவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேடு வந்தது. பெயர் ஏறப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு எழுத்து வேண்டும். 1946-ல் போர் குழு கொடுத்த கணக்குப்படி பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் நர்ஸுகள் சுமார் 7,000 பேர். 43,000 பேருக்கு ஒருவர். டாக்டரோ 6,300 பேருக்கு ஒருவர். நர்ஸைவிட டாக்டர் அதிகம் இருந்த தேசம் இது. உடம்பைத் தொடுகிற வேலையை இந்தச் சமூகம் எவ்வளவு கேவலமாக வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 1947-ல், நம் திண்டுக்கல் சமவெளியிலேயே சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கியது. தொடங்கியவர்கள் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதில் விதவையானவர். அந்தக் காலத்துப் பார்ப்பன வீட்டில் அது எவ்வளவு பெரிய சிறை என்று நமக்குத் தெரியும். அதை உடைத்து டெல்லியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார். மறுமணம் செய்தார், அதுவும் சாதி கடந்து. அவர் கட்டிய கஸ்தூர்பா மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகள் இந்தப் பக்கம் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்த வாழ்க்கையை மதிக்கிறேன். ஆனால் அந்த இயக்கம் நமக்குக் கொடுத்த சொல் ‘சேவை’. கிராம சேவிகா, ஹரிஜன சேவக், சேவா சங்கம். சௌந்தரத்துக்குச் சேவை என்பது தேர்வு. வசதியான வீட்டை விட்டு இறங்கி வருகிறவர் சேவை செய்கிறார், சரி. ஏற்கெனவே கீழே இருக்கிறவளிடம் சேவை செய் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அப்பாயி காலம் பூராவும் செய்தது சேவைதானே! நம் பெண்ணுக்குத் தேவை வேலை. நேரம் வகுத்த வேலை, சம்பளம் எழுதிய வேலை, ஓய்வூதியம் உள்ள வேலை.

ஆஸ்பத்திரிக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். டாக்டர், நர்ஸ், ஆயா, துப்புரவுப் பணியாளர். நோயாளியின் உடம்புக்கும் அதன் கழிவுக்கும் எவ்வளவு கிட்டப் போகிறோமோ அவ்வளவுக்குச் சம்பளம் குறைகிறது. நர்ஸிங் மதிப்பான வேலையாக மாற மாற, பெட்பேன் எடுக்கிற வேலை கீழே இறங்கி ஆயாவிடம் போனது. ஆயா யார், கூட்டிப் பெருக்குகிறவர் யார் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் போய்ப் பார்க்கலாம். அங்கே நம் ஆட்களுக்கு இடஒதுக்கீடு நூற்றுக்கு நூறு. எனவே நம் வீட்டுப் பெண் வெள்ளை உடுப்போடு மேல் படியில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. தெருவில் ‘ஏய்’ என்று கூப்பிட்ட வாய் வார்டில் ‘சிஸ்டர்’ என்கிறது. அந்தச் சொல்லில் மயங்கவும் வேண்டாம். ஊசி போட்டு முடித்ததும், “சிஸ்டருக்கு எந்த ஊரு? எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வரும். தெருப் பெயரில் சாதி தெரிந்துவிடும். கிராமத்தில் வேலை செய்யும் சுகாதார நர்ஸுகளுக்கு இது இன்னும் கடுமை. கர்தார் சிங் குழு 1973-ல் சொன்ன பல்நோக்குப் பணியாளர் முறையில் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அளவு. அவள் வீடு வீடாகப் போக வேண்டும். தடுப்பூசி போட உள்ளே விடுவார்கள். தண்ணி கேட்டால் எந்த டம்ளரில் வரும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த மூன்று பெண்கள் கேட்டதற்கு வருகிறேன். எந்த வழியையும் நான் தடுக்க மாட்டேன். ஒவ்வொரு வழியிலும் யாருடைய பேனா உங்கள் விலையை எழுதுகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

முதலில், கையில் உள்ள சான்றிதழ் யார் போட்ட பிச்சையும் இல்லை. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-ல், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை வந்தது. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் வந்த ஆதிதிராவிடர் நலத்துறை அரசாணை 92 சுயநிதிக் கல்லூரிகளின் கட்டாயக் கட்டணத்தையும் ஏற்க வழி செய்தது. மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடரும் இதில் உண்டு. நாகல் நகர்ப் பெண் தனியார் நர்ஸிங் கல்லூரிப் படி ஏறியது இதனால்தான். ஆனால் வேலை என்று வரும்போது 1950 குடியரசுத் தலைவர் ஆணை குறுக்கே நிற்கிறது. கட்டணத்துக்கு ஆதிதிராவிடராக இருந்த அதே கிறித்துவப் பெண் பணி நியமனத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறாள். நர்ஸிங்கை முதலில் கற்றுக்கொண்டவர்களின் பேத்திக்கு இந்த நிலைமை.

தனியார் வழி. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் அசல் சான்றிதழ்களை ஓர் ஆஸ்பத்திரி ‘பாண்டு’ என்று சொல்லி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டது. பண்ணையடிமைக்கு நெல்லைக் கடன் கொடுத்துக் கட்டி வைத்தார்கள், இங்கே காகிதத்தை வைத்துக் கட்டுகிறார்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸுகளின் நிலையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழ் இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸுகள் சங்கமாகத் திரண்டு, வேலைநிறுத்தம் செய்து, 2018-ல் 20,000 அடிப்படைச் சம்பளத்தை அரசு அறிவிக்கையாக வாங்கினார்கள். பரிந்துரை இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். வித்தியாசம் சங்கம்.

அரசு வழி. இதைத்தான் நான் முதலில் வைப்பேன். இடஒதுக்கீடு இருக்கிற ஒரே வழி இது. 18 விழுக்காடு, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. ஆனால் அரசு என்றாலே நிரந்தரம் என்று நினைத்த காலம் போய்விட்டது. 2015-ல் போட்டித் தேர்வு எழுதி வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம். 7,700 ரூபாய் சம்பளத்தை எதிர்த்து 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் உட்கார்ந்தார்கள். 2020 மே 3-ம் தேதி கொரோனா வார்டுகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் வந்து பூத் தூவினார்கள். அந்தக் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சேவை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது. பூ தலையில் விழுந்தது, வேலை கையை விட்டுப் போனது.

வெளிநாட்டு வழி. 1960-களில் கேரளப் பெண்கள் கத்தோலிக்கச் சபை வழியாக ஜெர்மனிக்குப் போனார்கள், பிறகு வளைகுடா. போன இடத்தில் சாதி கேட்காமல் இருந்ததே பெரிய விடுதலை என்று சொன்ன நம் பெண்கள் உண்டு. ஆனால் கடன் வாங்கிப் போகிறவளுக்குத் திரும்பி வரும் சுதந்திரம் இல்லை. 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் போருக்குள் மாட்டி மீட்கப்பட்ட 46 இந்திய நர்ஸுகளில் பலர், வீட்டில் கடன் இருக்கிறதே என்றுதான் கலங்கினார்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகவே நர்ஸுகள் போக வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு விதித்தது. தமிழ்நாட்டுக்கு 1978-லிருந்து இயங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தரகனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறதுக்கு முன்னால் அங்கே போய்க் கேளுங்கள்.

நம்மவர்கள் யோசிக்காத வழி ஒன்று இருக்கிறது. மேலே படிப்பது, சொல்லிக் கொடுப்பது. டிப்ளமோ முடித்தவள் இரண்டு வருசம் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்து, எம்.எஸ்ஸி.யும் முடித்தால் நர்ஸிங் கல்லூரி ஆசிரியை. பதிவேட்டில் யார் வரலாம், பாடத்தில் யார் படம் வரலாம் என்று முடிவு செய்கிற நாற்காலி அது. அந்த மருத்துவச்சிக் கிழவிகளுக்குப் பெயர் வாங்கித் தரப்போவதும் அந்த நாற்காலிதான்.

வீட்டுக் கஷ்டத்தில் உடனே சம்பளம் வேண்டும் என்றால் தனியாருக்குப் போங்கள், அதில் கேவலம் இல்லை. போகும்போது நாலு விஷயம் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, எழுத்தில் தருவீர்களா? எத்தனை மணி நேரம், எத்தனை படுக்கைக்கு ஒரு நர்ஸ்? அசல் சான்றிதழ் என் கையில்தானே இருக்கும்? சங்கத்தில் சேரலாமா? கேட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும். எங்க அப்பாயி கைநாட்டு வைத்தவள். அவளிடம் யாரும் காகிதத்தைப் படித்துக் காட்டவில்லை. உங்களுக்கு எழுத்து இருக்கிறது. முழுசும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.